மெல்பர்னில் காலை 11 மணி என்றால் கோயம்புத்தூரில் 5:30-ஆ, 6:30-ஆ?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். மெல்பர்ன் நிறுவனம் ஒன்று நவம்பர் மாதத்தில் ஆன்லைன் நேர்காணலுக்கு உங்களை அழைத்திருக்கிறது. கடிதத்தில் "காலை 11 மணி, ஏஇஎஸ்டி" (ஆஸ்திரேலியக் கிழக்குப் பகுதியின் வழக்கமான நேரம்) என்று போட்டிருக்கிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் கோயம்புத்தூரில் காலை 6:30 வருகிறது. போனில் மெல்பர்ன் கடிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் 5:30 வருகிறது. எது சரி என்பது முதல் கேள்வி. ஏஇடிடி (அதே பகுதியின் கோடைக்கால நேரம்) என்று இன்னொன்றும் சொல்கிறார்களே, அது எந்தெந்த ஊருக்கு, எப்போது பொருந்தும் என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடிதத்தில் உள்ள நான்கு எழுத்தை நம்புவதா, ஊரை நம்புவதா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

எழுத்துப்படி பார்த்தால் 6:30. ஆனால் கடிதம் எழுதியவர் மனதில் இருப்பது அநேகமாக 5:30. நவம்பரில் மெல்பர்னில் ஏஇஎஸ்டி நடைமுறையிலேயே இருக்காது, ஏஇடிடிதான் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர் சுவரில் உள்ள கடிகாரத்தை நினைத்து 11 என்று எழுதிவிட்டு, வருடம் முழுக்கப் பழகிப்போன ஏஇஎஸ்டியை ஒட்டிவிடுவார். நான் இருக்கும் மெல்பர்னில் இது தினமும் நடக்கிறது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவு பிரிஸ்பேனில் இருந்தால் அவர்களுக்கு நவம்பரிலும் ஏஇஎஸ்டிதான், அப்போது 6:30 சரியாகிவிடும். ஆகவே "மெல்பர்ன் நேரம் காலை 11, இந்திய நேரம் காலை 5:30 என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானே?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடிதத்தோடு கேலண்டர் அழைப்பும் வந்திருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அது உங்கள் போனில் காட்டும் நேரத்தை, கடிதத்தில் தட்டச்சு செய்த எழுத்துகளைவிட அதிகமாக நம்பலாம். பதில் வராவிட்டால் 5:30-க்குத் தயாராக உட்காருங்கள். ஒரு மணி முன்னதாகப் போனால் காத்திருக்கலாம், பின்னதாகப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி விவரம். மெல்பர்னில் மருத்துவமனைகளுக்கான ஷிப்ட் அட்டவணை மென்பொருளில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கடிகாரம் மாறும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் எங்களுக்கு உறக்கம் இல்லாத நாட்கள் என்பதால் இந்த விஷயம் கொஞ்சம் கைவந்திருக்கிறது.

ஏஇஎஸ்டி என்பது ஆஸ்திரேலியக் கிழக்குப் பகுதியின் வழக்கமான நேரம். உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு 10 மணி முன்னால் ஓடும். ஏஇடிடி என்பது அதே பகுதியின் கோடைக்கால நேரம், 11 மணி முன்னால். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் என்பதால், மெல்பர்னுக்கும் நமக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் ஐந்தரை மணி. இந்தியாவில் கடிகாரம் அசைவதில்லை. அவர்கள்தான் நம்மை விட்டு ஒரு மணி தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். கோடை என்பது அங்கே டிசம்பர், ஜனவரி. தென் அரைக்கோளம் என்பதை மறந்துவிட்டு அமெரிக்கக் கணக்கை இங்கே போடுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு நேர்மாறாகத் தடுமாறுவார்கள்.

மாற்றம் நடக்கும் நாளுக்கு நிலையான விதி உண்டு. அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் நேராக 3-க்குத் தாவும். ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணி ஆனதும் மறுபடி 2-க்குத் திரும்பும். உதாரணமாக 2025 அக்டோபர் 5-ஆம் தேதி தொடங்கிய கோடை நேரம் 2026 ஏப்ரல் 5-ஆம் தேதி முடிந்தது. வருடத்தில் சரிபாதி. பெயர்தான் கோடை நேரமே தவிர, வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில்தான் முடிகிறது.

இதிலிருந்து இரண்டு வேடிக்கைகள் பிறக்கின்றன. அக்டோபர் ஞாயிறன்று அதிகாலை 2:30 என்று ஒரு நேரமே கிடையாது. 1:59-க்கு அடுத்த நிமிடம் 3:00. ஏப்ரல் ஞாயிறன்று 2:30 இரண்டு தடவை வரும், முதலில் ஏஇடிடி 2:30, ஒரு மணி கழித்து ஏஇஎஸ்டி 2:30. இரவு 9 மணியிலிருந்து காலை 7 வரை ஷிப்ட் போட்ட நர்ஸ் அக்டோபரில் ஒன்பது மணி நேரமும் ஏப்ரலில் பதினோரு மணி நேரமும் வேலை செய்திருப்பார், அட்டவணையில் இரண்டுமே பத்து மணி நேரம் போலத்தான் தெரியும். சம்பளத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுவதா, உண்மையில் உழைத்த மணியைப் பார்த்துக் கணக்கிடுவதா என்பதை அவரவர் வேலை ஒப்பந்தம்தான் சொல்லும். அதில் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. மருந்து கொடுத்த நேரம் பதிவது இதைவிடச் சிக்கல். 2:40-க்கு ஒரு ஊசி, அதற்கு முக்கால் மணி கழித்து 2:25-க்கு இன்னொன்று என்று ஏட்டில் இருந்தால், மறுநாள் வருகிற டாக்டர் எதை எப்படி வாசிப்பார்? அதனால்தான் நேரத்தோடு எந்த 2 மணி என்பதையும் குறிக்கச் சொல்கிறோம்.

சரி, எந்தெந்த ஊர்கள். ஏஇடிடி செல்லும் இடங்கள்: சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா, தீவு மாநிலமான டாஸ்மேனியா, தலைநகர் கான்பெரா, அதோடு ஜெர்விஸ் பே என்ற சின்னஞ்சிறு பிரதேசம். அவ்வளவுதான். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்தும் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே கடிகாரம் வருடம் முழுக்க ஏஇஎஸ்டியிலேயே நிற்கும். தெற்கு ஆஸ்திரேலியாவும் அதே நாட்களில் கடிகாரத்தை நகர்த்துகிறது, ஆனால் அது வேறு மண்டலம். அதன் தலைநகர் அடிலெய்டின் வழக்கமான நேரம் யு.டி.சி.க்கு ஒன்பதரை மணி முன்னால், கோடையில் பத்தரை. டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசம் ஒன்பதரையிலேயே நிற்கும், பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா எட்டிலேயே நிற்கும். குளிர்காலத்தில் மூன்று நேரங்களோடு இருக்கிற நாடு கோடையில் ஐந்தாகப் பிரிந்துவிடுகிறது: 8, 9:30, 10, 10:30, 11.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாமலேயே தெரியும். 2024-25 இந்தியா-ஆஸ்திரேலியா தொடரில் பெர்த் டெஸ்ட் நமக்குக் காலை 7:50-க்குத் தொடங்கியது, பிரிஸ்பேன் டெஸ்ட் 5:50-க்கு, மெல்பர்ன் டெஸ்ட் 5 மணிக்கு. பிரிஸ்பேனில் உள்ளூர் நேரம் 10:20, மெல்பர்னில் 10:30. அதாவது உள்ளூர்க் கடிகாரப்படி மெல்பர்ன் ஆட்டம் பத்து நிமிடம் தாமதம், ஆனால் நாம் ஐம்பது நிமிடம் முன்னதாகவே எழுந்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் ஏஇடிடி.

இதில் இன்னொரு கோணல், பிரிஸ்பேன் சிட்னிக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் முதலில் அங்கேதான் எழும்புகிறது. ஆனாலும் கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால். எல்லைக்கோட்டில் போய் நின்றால் இது நன்றாகப் புரியும். குயின்ஸ்லாந்தின் கூலங்கட்டாவும் நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸும் ஒட்டிப் பிறந்த ஊர்கள், நடுவே பவுண்டரி ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. டிசம்பரில் தெருவின் ஒரு பக்கம் 9 மணி, எதிர்ப்பக்கம் 10. புத்தாண்டை ஒரு தடவை கொண்டாடிவிட்டுத் தெருவைக் கடந்துபோய் இன்னொரு தடவை கொண்டாடலாம். கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே மாநில எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. ஆனால் நிலையம் இயங்குவது குயின்ஸ்லாந்து நேரப்படி. ட்வீட் ஹெட்ஸ் பக்கம் தங்கிவிட்டு அங்கே விமானம் ஏறப் போகிறவர்கள் கையில் இருக்கும் போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாநிலத்தை வைத்து மட்டும் முடிவு செய்துவிடவும் முடியாது. புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரம் நியூ சவுத் வேல்ஸில்தான் இருக்கிறது, ஆனால் அடிலெய்டு நேரத்தில் ஓடுகிறது. காரணம் ரயில். 1888-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவோடு அதற்கு ரயில் தொடர்பு வந்துவிட்டது. சொந்த மாநிலத் தலைநகரான சிட்னியோடு தண்டவாளம் சேர்ந்தது 1927-இல்தான். தாது போனது, சாமான் வந்தது எல்லாம் அடிலெய்டு பக்கம் என்றால் கடிகாரமும் அந்தப் பக்கம்தான் சாயும். லார்டு ஹவ் தீவு அதைவிட விசித்திரம். நிர்வாகம் நியூ சவுத் வேல்ஸ், வழக்கமான நேரம் பத்தரை, கோடையில் அரை மணி மட்டும் தள்ளிப் பதினொன்றாக்கிக்கொள்கிறார்கள். கோடையில் சிட்னியோடு ஒன்றாகவும் குளிரில் அரை மணி முன்னாலும் இருக்கும். கோடை நேரத்துக்கு ஒரு மணியை அல்லாமல் அரை மணியை நகர்த்துகிற ஊர் இன்று உலகத்தில் இது ஒன்றுதான். "டேலைட் சேவிங் என்றால் அறுபது நிமிடம்" என்று நம்பி எழுதிய எத்தனையோ நிரல்கள் இந்தக் குட்டித் தீவில் தடுக்கி விழுந்திருக்கின்றன. நார்ஃபோக் தீவு 2019 அக்டோபரில்தான் கோடை நேரத்துக்கு வந்தது. அங்கே அது பன்னிரண்டு மணி. ஆகவே அதுவும் ஏஇடிடி இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தெரியாமல் குயின்ஸ்லாந்து ஏன் விலகி நிற்கிறது என்பது புரியாது. சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மெல்பர்னில் அது ஐந்து மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் விடியற்காலை 5 மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி வெளிச்சத்தைக் காலையிலிருந்து எடுத்து மாலைக்குக் கொண்டுபோவதுதான் ஏற்பாடு. அதனால் 5:55 வாக்கில் சூரிய உதயம், இரவு 8:40-க்கு அஸ்தமனம். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போக நேரம் இருக்கும். அப்படியென்றால் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஜூன் மாதத்தில் மெல்பர்ன் விடிவதே 7:35-க்கு. கோடை நேரத்தை அப்போதும் வைத்திருந்தால் விடியல் எட்டரையைத் தாண்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருட்டில் நடக்க வேண்டும்.

இந்த யோசனையை முதலில் ஒழுங்காக முன்வைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹட்சன், நியூசிலாந்தின் வெலிங்டனில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். பூச்சி சேகரிப்பு அவருக்கு உயிர். வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்று 1895-இல் இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னார். யாரும் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1916-இல் ஜெர்மனி போர்க்கால நிலக்கரியை மிச்சம் பிடிக்க இதைக் கையில் எடுத்த பிறகுதான் மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. ஆஸ்திரேலியாவும் இரண்டு உலகப் போர்களின்போதும் கொஞ்ச காலம் கடிகாரத்தை நகர்த்திவிட்டு நிறுத்திக்கொண்டது. இன்றைய ஏற்பாட்டுக்கு ஆரம்பம் டாஸ்மேனியா. அந்த மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். 1967-இல் வறட்சியால் அணைகளில் தண்ணீர் இறங்க, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தக் கோடையில் கடிகாரத்தைத் தள்ளினார்கள். மழை பெய்த பிறகும் மக்கள் அதை விடவில்லை. 1971-இல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, கான்பெரா, குயின்ஸ்லாந்து எல்லாம் சேர்ந்துகொண்டன. குயின்ஸ்லாந்து மட்டும் ஒரே கோடையோடு கழன்றுகொண்டது. நியூ சவுத் வேல்ஸ் 1976-இல் பொதுவாக்கெடுப்பு வைத்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு.

குயின்ஸ்லாந்து 1989-இலிருந்து மூன்று கோடைகள் மறுபடி முயன்று பார்த்து, 1992 பிப்ரவரியில் மக்களிடம் கேட்டது. 54 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தென்கிழக்கு மூலையில் உள்ள பிரிஸ்பேன், கோல்டு கோஸ்ட் பக்கம் ஆதரவு, வடக்கிலும் மேற்கிலும் கடும் எதிர்ப்பு. தெற்கத்திக்காரர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள், அதிக வெயிலில் திரைச்சீலை வெளுத்துப்போகும் என்று பயந்துதான் மறுத்தார்களாம். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. கிழக்கு மண்டலத்தின் கணக்கு 150 டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. மவுண்ட் ஐசா போன்ற மேற்கு ஊர்கள் அதற்குப் பத்து டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கின்றன. அங்கே இப்போதே சூரியன் உச்சிக்கு வருவது 12:40 வாக்கில். கோடை நேரமும் சேர்ந்தால் 1:40 ஆகிவிடும். நாற்பது டிகிரி வெயிலில் வெந்துகொண்டிருக்கிற ஊரில் சாயங்காலம் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் யாரும் வேண்டிக்கொள்வார்கள். வடக்கே கெய்ன்ஸ் பக்கம் போனால் பகல் நீளம் ஏறக்குறைய நம் ஊர் மாதிரிதான் மாறுகிறது. எடுத்து வைக்க அங்கே உபரி வெளிச்சமும் அவ்வளவு கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியா நான்கு முறை வாக்கெடுப்பு நடத்தியது: 1975, 1984, 1992, 2009. நான்கிலும் வேண்டாம் என்றே தீர்ப்பு.

இங்கே கவனிக்க வேண்டியது, நேரத்தை முடிவு செய்வது மாநிலங்கள். கான்பெராவில் இருக்கும் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டு நாடு முழுக்க மாற்றுவதில்லை. அதனால் தேதிகளும் அப்போதைக்கப்போது இழுபட்டிருக்கின்றன. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸுக்காக கிழக்கு மாநிலங்கள் ஆகஸ்ட் 27-ஆம் தேதியே கோடை நேரத்தைத் தொடங்கிவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியா வழக்கம்போல அக்டோபர் கடைசி வரை காத்திருந்தது. 2006-இல் மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டுக்காக முடிவு ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரத்துக்காக ஏகப்பட்ட கணினிகளுக்குத் தனியாகத் திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போதுள்ள அக்டோபர், ஏப்ரல் முதல் ஞாயிறு விதி 2008-இல் ஒத்துக்கொண்டு வந்தது. பழைய பதிவுகளைப் பார்க்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். 1995 அக்டோபர் 10-ஆம் தேதி சிட்னியில் என்ன நேரம் என்று இன்றைய விதியை வைத்துச் சொன்னால் ஒரு மணி தவறும், ஏனென்றால் அப்போது அக்டோபர் கடைசி ஞாயிறில்தான் தொடங்கும்.

கணினிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்றால், உள்ளே எல்லாவற்றையும் யு.டி.சி.யில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்றுகின்றன. எந்த ஊரில் எந்த வருடம் என்ன விதி என்பதற்கு உலகம் முழுக்கப் பொதுவான ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதில் மண்டலங்கள் ஊர்ப் பெயரில்தான் இருக்கும்: ஆஸ்திரேலியா/சிட்னி, ஆஸ்திரேலியா/மெல்பர்ன், ஆஸ்திரேலியா/பிரிஸ்பேன் என்று. சுருக்கெழுத்து வெறும் காட்சிக்கு. அந்தத் தரவுத்தளத்திலேயே 2014 வரை ஆஸ்திரேலியக் கிழக்குப் பகுதிக்குக் கோடைக்கும் குளிருக்கும் ஒரே இஎஸ்டி என்ற சுருக்கம்தான் இருந்தது. அது போதாதென்று நியூயார்க்காரர்களும் இஎஸ்டி என்றுதான் எழுதுவார்கள். முன்னால் ஏ போட்டு எழுதும் பழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நேர மண்டலப் பட்டியலில் "கான்பெரா, மெல்பர்ன், சிட்னி" என்று ஒரு வரி, "பிரிஸ்பேன்" என்று தனி வரி, டாஸ்மேனியாவின் தலைநகரான "ஹோபார்ட்" என்று இன்னொரு வரி இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் 10:00 என்றே போட்டிருக்கும், கோடையிலும் அந்த எண் மாறாது. எண் ஒன்றுதானே என்று கண்ணில் பட்ட வரியைத் தேர்ந்தெடுத்தால் அக்டோபர் முதல் ஞாயிறு வரை எல்லாம் சரியாக ஓடி, அப்புறம் ஒரு மணி தவறும். வேலை கிடைத்து நீங்கள் கோவையிலிருந்தே மெல்பர்ன் குழுவோடு பணிபுரிவதாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். அவர்கள் ஊரில் மதியம் 2:30-க்கு வாராந்திரக் கூட்டம் என்று வையுங்கள். உங்களுக்கு அது குளிர்காலத்தில் காலை 10 மணி. அக்டோபரில் அவர்கள் யாரும் எதையும் மாற்றாமலேயே 9 மணிக்கு வந்துவிடும். கூட்டத்தை யார் ஊர் நேரத்தில் கேலண்டரில் போடுகிறார்களோ அவர்களுக்கு அது நகராது, மற்றவருக்கு நகரும்.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டமும் கணக்கும், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இதனால் மின்சாரம் மிச்சமாகிறதா என்று கேட்டால் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. 1967-இல் விளக்கு எரிப்பது பெரிய செலவு, அந்தக் காலத்துக்கு அது நியாயமான கணிப்பு. 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்ஸுக்காக விக்டோரியா முன்கூட்டியே மாறியதும் தெற்கு ஆஸ்திரேலியா மாறாமல் இருந்ததும் ஆய்வாளர்களுக்கு நல்ல வாய்ப்பாகப் போனது. ரயன் கெல்லாக், ஹென்ட்ரிக் வுல்ஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாலையில் மிச்சமானது இருட்டான குளிர் காலையில் செலவாகிப்போனது, மொத்தத்தில் லாபம் இல்லை என்று கண்டார்கள். ஆனால் அது ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான முடிவு. அதையே டிசம்பருக்கு நீட்டுவது சரியல்ல. உடல்நலம் பற்றிய வாதங்களில் தூக்கம் ஓரிரு நாள் கெடுவது உண்மை, இரவு ஷிப்ட்காரர்களிடம் கண்கூடாகப் பார்க்கிறேன். அதற்கு மேல் போய் நோய், விபத்து என்று பட்டியல் போடுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். மாலை வெளிச்சம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அதுவே போதுமான காரணம்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமும் இல்லை. இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின்போது ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கையில் மின்வெட்டுக் காலமான 1996 மே மாதம் ஒரு மணி முன்தள்ளி, அக்டோபரில் அரை மணி குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. சோதனைச்சாவடி தாண்டினால் கடிகாரம் மாறும் என்பது இங்குள்ள ஈழத்தமிழர் பலருக்கு நினைவில் இருக்கும். இன்று அதே குடும்பங்கள் யாழ்ப்பாணம், லண்டன், டொரண்டோ, சிட்னி என்று சிதறியிருக்க, சிக்கல் வேறு உருவத்தில் தொடர்கிறது. லண்டன் நம் கோடையில் முன்னே போகும்போது சிட்னி பின்னே வரும், அதுவும் வெவ்வேறு ஞாயிறுகளில். அதனால் சிட்னிக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஜூலையில் 9 மணி, ஜனவரியில் 11 மணி, அக்டோபரின் பெரும்பகுதியிலும் மார்ச் கடைசியில் ஒரு வாரமும் 10 மணி. டொரண்டோவோடு 14, 15, 16 என்று மூன்றும் வரும். குடும்ப அழைப்பு வைப்பவர்கள் யாழ்ப்பாண நேரத்தை ஆதாரமாக வைத்துக்கொள்வது சுலபம், அது ஒன்றுதான் அசையாமல் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் இங்குள்ள தமிழர்கள் என்னிடம் அதிகம் கேட்பது நேர்காணலைப் பற்றி அல்ல, ஜாதகத்தைப் பற்றி. ஊரில் வாய்ப்பாடாகச் சொல்லும் "செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம்" இங்கே கோடையில் செல்லாது. பகலை எட்டாகப் பிரித்துப் பார்த்தால் டிசம்பர் மெல்பர்னில் அது சுமார் 5 மணிக்குத் தொடங்கி 6:50 வரை போகும். பிறந்த நேரம் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மருத்துவமனைக் குறிப்பில் இருப்பது ஏஇடிடி. ஊரில் உள்ள ஜோசியருக்கு அனுப்பும்போது "யு.டி.சி.யை விடப் பதினோரு மணி முன்னால்" என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் பத்து என்று எடுத்துக்கொண்டு கட்டம் போடுவார். லக்னம் சராசரியாக இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது, ஒரு மணி பிசகினால் அடுத்த ராசிக்குப் போய்விடக்கூடும். மென்பொருளில் போடுகிறவர்கள் நீங்களே ஒரு மணியைக் கழித்துவிட்டு ஊர்ப் பெயரையும் கொடுத்தால், அது தன் பங்குக்கு இன்னொரு மணியைக் கழித்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஏப்ரல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் பிறந்த குழந்தை என்றால் பிரசவ அறைக் குறிப்பில் எந்த 2 மணி என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கத் தவறியவர்கள் இரண்டு நேரத்துக்கும் கட்டம் போட்டுப் பார்க்கலாம். லக்னம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்துவிட்டால் ராசிக் கட்டத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது.